தெளிக்காத தண்ணீர்

எனக்கு இருக்கும் அறிவில் முக்கால்வாசி, யாருக்கும் எந்தக் காலத்திலும் உதவாத வகையைச் சேர்ந்தது. கிறிஸ்தவம் பிறந்த முதல் நானூறு ஆண்டுகளில் அந்த ஆட்கள் பிள்ளைகளைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியும் என்னென்ன எழுதி வைத்தார்கள் என்று கேளுங்கள், ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேசுவேன். யாரும் கேட்டதில்லை. கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். மாணவர்கள் எட்டிப் பார்க்காத அலமாரி ஒன்று அங்கே உண்டு. தூசி தட்டப் போகிறேன் என்று சொல்லிப் பல வருடமாக அதற்குள்ளேயே குடியிருக்கிறேன். அங்கே பொறுக்கியதை வைத்து எங்கள் சபைப் பத்திரிகையில் மாதம் ஒரு கட்டுரை எழுதுவேன். நகைச்சுவை என்று மேலே போட்டிருப்பதால் சிலர் சிரிப்பார்கள்.

அந்த அறிவு எனக்கு ஒரே ஒரு நாள் தேவைப்பட்டது. அன்றைக்குப் பார்த்து அது என்னை விட்டு ஓடியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஓடவில்லை. நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், பிளாஸ்டிக் நாற்காலியில், எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காதில் ஊதிக்கொண்டே இருந்தது.

என் மகளுக்கு ஏழாம் மாதத்தில் இரத்த அழுத்தம் ஏறிவிட்டது. கால் வீங்கியது, முகம் வீங்கியது, ஒரு காலையில் கண் மங்குகிறது என்றாள். அன்றே வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தார்கள். பெண்பிள்ளை. மகள் ஒரு மாடி கீழே, படுக்கையை விட்டு அசையக்கூடாது என்ற கட்டளையோடு கிடந்தாள். பிள்ளை மேலே, கண்ணாடிப் பெட்டிக்குள். தாயும் பிள்ளையும் இன்னும் ஒருவரை ஒருவர் பார்த்திருக்கவில்லை.

"நுரையீரல் இன்னும் பழுக்கலை. அப்பப்ப மூச்சு விட மறந்துபோகும். மறந்தா சிஸ்டர் காலைத் தட்டி ஞாபகப்படுத்துவாங்க," என்றார் டாக்டர்.

"எல்லாத் தடவையும் ஞாபகம் வந்துருமா டாக்டர்?"

"பாப்போம்," என்றார்.

அதற்குப் பிறகு என் நெஞ்சுக்குள் யாரோ குடியேறிவிட்டார்கள். மூச்சு விடும்போதெல்லாம் நான் விட்டேனா, மறந்தேனா என்று பார்த்துக்கொண்டேன். ஐம்பத்து மூன்று வயதில், பழுத்த நுரையீரலோடு.

பயம் அதோடு நின்றிருந்தால் மற்ற எல்லோரையும் போல நானும் பயந்திருப்பேன். எங்கள் குடும்பத்துக்கென்று தனியாக ஒரு பயம் இருந்தது. அதைச் சொல்ல என் மருமகனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மருமகனுக்கு வேலை ஆரல்வாய்மொழியில். காற்றாலைக் கோபுரத்துக்குள் ஏணியில் ஏறி, உச்சியில் நின்று பழுது பார்ப்பார். மேலே ஏறப் பயமில்லையா என்று கேட்டால், "எறங்கத்தான் மாமா மடி" என்று, இறங்கத்தான் சோம்பல் என்று சொல்லும் ஆள். வீடு திருவட்டாறு பக்கம். நாங்கள் வெள்ளைக்காரன் காலத்து மிஷன் சபை. அவர்கள் பெந்தெகொஸ்தே. வெளியூர்க்காரர்களுக்கு இரண்டும் கிறிஸ்தவம்தான். எங்கள் ஜில்லாவில் அப்படியல்ல. நாங்கள் கைப்பிள்ளையைக் கோவிலுக்குத் தூக்கிப்போய், தலையில் தண்ணீர் தெளித்து, பேர் வைத்து, ஞானஸ்நானம் கொடுப்போம். அவர்கள் பிள்ளைக்குக் கொடுக்கமாட்டார்கள். வளர்ந்து, புத்தி தெரிந்து, தானாகக் கேட்டால் ஆற்றில் இறக்கி முழுசாக முங்கவைப்பார்கள். நாங்கள் கொடுத்ததை அவர்கள் ஞானஸ்நானம் என்றே எண்ணுவதில்லை. தலை நனைந்தது, அவ்வளவுதான்.

ஆகவே என் மகள் கல்யாணத்துக்கு முன் அந்த ஆற்றில் முங்கினாள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, அவளே படித்து, அவளே யோசித்து எடுத்த முடிவு. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. கரையில், அவள் தலை துவட்டத் துவர்த்துத் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். பழைய எழுத்துகளில் வரும் ஓர் இளம்பெண் அப்போது நினைவுக்கு வந்தாள். ஆப்பிரிக்காவில், கிறிஸ்தவள் என்பதற்காகச் சிறையில் இருந்தவள். பால்குடி மாறாத பிள்ளை உண்டு. சாவுக்குப் போகிறேன் என்று நிற்கிறாள். அவளுடைய அப்பன் நரைத்த தலையோடு வந்து காலில் விழுகிறான்: என்னைப் பார், உன் பிள்ளையைப் பார், ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வா என்கிறான். எழுதியவர்கள் எல்லாரும் மகள் பக்கம். அந்தக் கிழவனைப் பிசாசின் கையாள் மாதிரி ஆக்கிவிட்டார்கள். படிக்கும்போது நானும் மகள் பக்கம்தான் இருந்தேன். துவர்த்து கையில் ஏறிய அன்று கட்சி மாறினேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், மரச்சீனிக் கிழங்குக்கும் மீன்கறிக்கும் நடுவில், எனக்கும் மருமகனுக்கும் யுத்தம்.

"பச்சப்பிள்ளைக்கு என்ன மாமா பாவம்? விசுவாசிக்கவே தெரியாத கொச்சுக்கு ஞானஸ்நானம் என்னத்துக்கு?"

"ஆப்பிரிக்காவுல பத்தறுபது பிஷப்புமாரு கூடி இருந்து முடிவு செஞ்சாங்க மக்களே. எட்டு நாளு கூடக் காத்திருக்காண்டாம், பொறந்த உடனே குடுன்னு," என்பேன். எங்கள் ஊரில் ஒரே ஆளையும் 'மக்களே' என்றுதான் வாஞ்சையோடு கூப்பிடுவோம்.

"அது மனுசன் சொன்னது."

"நீங்க சொல்றத மட்டும் காத்தாடியா சொல்லிச்சு?"

மகள் குனிந்து சிரிப்பாள். மனைவி மீன்துண்டை மருமகன் தட்டில் வைத்து, தோற்றவருக்கு ஆறுதல் பரிசு கொடுப்பாள். நான் ஜெயித்த விதம் இதுதான்: அதே ஆப்பிரிக்காவில், அந்தப் பிஷப்புகளுக்கு முந்தின தலைமுறையில், அப்படியே என் மருமகன் மாதிரிப் பேசிய எழுத்தாளர் ஒருவர் இருந்தார். குற்றமறியாத வயதுக்கு எதற்கு அவசரம், வளரட்டும், கேட்கட்டும் என்றவர். மருமகனுக்கு வேண்டிய அந்தச் சாட்சியை நான் அலமாரியை விட்டு வெளியே எடுத்ததே இல்லை.

இன்னொருவரும் உண்டு. பின்னால் வந்த பெரிய பிஷப். ஞானஸ்நானம் இல்லாமல் செத்துப்போகும் கைப்பிள்ளைகளுக்கும் மோட்சம் இல்லை என்று கணக்குப் போட்டவர். ஆனால் கல்நெஞ்சம் இல்லை. அவர்களுக்குக் கிடைப்பது தண்டனைகளிலேயே மிக லேசான தண்டனை என்று எழுதினார். இதை வைத்து நான் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். மின்விசிறி வசதியுள்ள நரகம் என்று சொல்லியிருந்தேன். நல்ல வரவேற்பு. கோவில் வாசலில் இரண்டு பேர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது அந்த வாக்கியம் வந்தது. வராந்தாவில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நான் எழுந்து போய் வேறு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

மத்தியானம் மனைவி பிளாஸ்க்கோடு வந்தாள்.

"பிள்ள எப்பிடி இருக்கு?"

"அப்பிடியேதான்."

"அப்பிடியேன்னா?"

"பாப்போம்னாரு."

வராந்தாவின் இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிட்டு எனக்குப் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள். இந்த வேகத்தில் அவள் நெருங்கினால் ஏதோ சட்டவிரோதம் வரப்போகிறது என்று பொருள்.

"இஞ்ச பாருங்க. அதுக்கு ஒரு பேரு கூட இடல்ல. எனக்க மவளுக்க பேர எழுதி, அவளுக்க பிள்ளைன்னு பெட்டியில ஒட்டி வச்சிருக்காவ. பேரும் இல்லாம, ஞானஸ்நானமும் இல்லாம அது போச்சுன்னா…"

"போவாது."

"ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது.

"போதகர வரச்சொல்லட்டா?"

"உள்ள விட மாட்டாங்க. அப்பனும் தாத்தா பாட்டியும் மட்டும். அதுவும் ஒருத்தரு, கொஞ்ச நேரம்."

"அப்பம் நீங்க செய்யுங்க."

"நானா?"

"ஆபத்துன்னா ஆரு வேணும்னாலும் குடுக்கலாம்னு நீங்கதானே எழுதினிய? நான் படிக்க மாட்டேன்னு நெனச்சியளா?"

என் கட்டுரைகளை என் மனைவி படிக்கிறாள் என்பது அன்றுதான் தெரிந்தது. எழுதுகிறவனுக்கு ஒரு வாசகி கிடைக்க அதைவிடக் கெட்ட நேரம் இருக்க முடியாது.

"மருமவன் சம்மதிக்க மாட்டாரு."

"அவரு சபையில உபவாச ஜெபத்துல இருக்காரு. அவிய ஆமென் சொல்லி எந்திரிக்கதுக்கு அந்தி ஆவும்."

"மவகிட்ட கேக்காண்டாமா?"

"அவளுக்குப் பிரஷரு ஏறும். ஒண்ணும் பேசாண்டாம்." பிளாஸ்க்கைத் திறந்தாள். பிறகு சந்தேகம் வந்து நிறுத்தினாள். "இது சூடுதண்ணியாக்கும். ஆவுமா?"

அதற்கும் எனக்கு விடை தெரியும். அதுதான் கொடுமை. அந்தக் காலத்துச் சபைக் கையேடு ஒன்றில் எழுதியிருக்கிறது: ஓடுகிற தண்ணீர் நல்லது, கிடைக்காவிட்டால் மற்றத் தண்ணீர், குளிர்ந்தது ஆகாவிட்டால் வெதுவெதுப்பானது, எதுவும் போதிய அளவு இல்லையென்றால் தலையில் மூன்று தரம் ஊற்றினால் போதும். மருமகனை மடக்க நான் பல தரம் பயன்படுத்திய இடம்.

"ஆவும்," என்றேன்.

அவள் பிளாஸ்க் மூடியில் கொஞ்சம் ஊற்றி ஆறவைத்து, தன் கைக்குட்டையை அதில் முக்கி, மடித்து, என் சட்டைப்பையில் வைத்தாள். "உள்ள போய் மூணு சொட்டு பிழிஞ்சாப் போதும். பேரு நீங்களே பாத்து இடுங்க. நல்ல பேரா இடுங்க, கேட்டியளா?"

குழந்தைகள் பிரிவின் வாசலில் நின்ற சிஸ்டர் கடியப்பட்டணத்துப் பெண். சுருக்கமாகப் பேசினாள்.

"செருப்ப இங்க விடுங்க. முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவுங்க. வெளிய உள்ள ஒரு பொருளும் உள்ள கொண்டு வரப்படாது. இந்தப் பிள்ளையளுக்கு ஒரு கிருமி போதும்."

கழுவினேன். பச்சை அங்கியை மாட்டினாள், வாயை மூடினாள், தலையை மூடினாள். அந்த அங்கிக்குக் கீழே, சட்டைப்பைக்குள், ஈரக் கைக்குட்டை என் நெஞ்சில் ஒட்டிக்கொண்டிருந்தது. அது வீட்டிலிருந்து வந்தது, பேருந்தில் வந்தது, வடசேரியில் இறங்கி ஆட்டோவில் வந்தது. மனைவி வழியில் அதில் முகம் துடைத்திருப்பாள். ஒரு கிருமி போதும் என்றால், என் பையில் ஒரு ஊரே இருந்தது.

உள்ளே வெயில் இல்லை, சத்தம் இல்லை. பெட்டிகள் வரிசையாக இருந்தன. எங்கள் பெட்டி ஜன்னல் பக்கம்.

நான் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மகளைப் பிறந்த அன்று கையில் வாங்கியிருக்கிறேன். இது வேறு. தோலுக்குள் இருப்பது வெளியே தெரிந்தது. முகத்தை விட மூக்கில் செருகிய குழாய் பெரிதாக இருந்தது. கால் என் விரல் அளவு. மார்பு மட்டும் படபடவென்று ஏறி இறங்கியது. எனக்கு அதன் மேல் பாசம் வரவில்லை, உள்ளதைச் சொல்கிறேன், பயம்தான் வந்தது. ஓட வேண்டும் போல் இருந்தது.

பெட்டியின் பக்கத்தில் கை நுழைக்க வட்டமாக ஒரு கதவு உண்டு. சிஸ்டர் அதைத் திறந்து, "தொடலாம். தடவாண்டாம், சும்ம கைய வச்சாப் போதும்," என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனாள்.

முதுகை அவளுக்குக் காட்டி நின்றால் போதும். அங்கியை விலக்கி, இரண்டு விரலால் கைக்குட்டையை எடுத்து, உள்ளே நீட்டி, மூன்று சொட்டு. நான் சொல்ல வேண்டிய வார்த்தைகள் குழந்தைப் பருவத்திலிருந்தே மனப்பாடம்.

முதல் நூற்றாண்டுகளின் ரோமாபுரியில், பிறந்த பிள்ளையை வளர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது குடும்பத்தின் ஆம்பிளை. வேண்டாம் என்றால் குப்பைமேட்டில் கொண்டு வைத்துவிடுவார்கள். அதைச் செய்யாதே என்று திரும்பத் திரும்ப எழுதியவர்கள் கிறிஸ்தவர்கள். அவர்களுடைய எல்லாக் கையேடுகளிலும் அந்த வரி உண்டு. அதே கையேடுகள், பிள்ளைகளுக்குச் சிறு வயதிலிருந்தே தெய்வபயத்தைக் கற்றுக்கொடு என்றும் சொல்கின்றன. பயத்தைப் பிள்ளைக்குக் கொடுப்பது எப்படி என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். பிள்ளையைப் பார்த்துத் தகப்பனுக்கு வரும் பயத்தை என்ன செய்வது என்று ஒருவரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை.

அப்போது மார்பு நின்றது.

ஏறவில்லை, இறங்கவில்லை. பெட்டிக்கு மேலே இருந்த கருவி கத்தத் தொடங்கியது. நான் சிஸ்டரைத் தேடித் திரும்பினேன். சிஸ்டர் ஓடவில்லை, நடந்துதான் வந்தாள். என்னைத் தோளால் தள்ளிவிட்டு உள்ளே கையை விட்டாள். உள்ளங்காலில் நடுவிரலால் ஒரு சுண்டு.

"ஏட்டி, மூச்சு விடுட்டி."

ஒன்றும் இல்லை. இன்னொரு சுண்டு.

"விடு மக்களே, விடு. தாத்தா வந்திருக்காருல்லா? அவரப் பயப்படுத்தாண்டாம்."

மார்பு ஒரு தரம் குலுங்கியது. பிறகு ஏறியது. கருவி வாயை மூடியது.

"அவ்வளவுதான்," என்று சிஸ்டர் என்னிடம் சொன்னாள். "காலையில இருந்து இது எத்தனாவது மட்டம். நீங்க இருங்க, போவாண்டாம்."

நான் இருக்கவில்லை. கைக்குட்டை பைக்குள்ளேயே இருந்தது. என் கை அதை எடுத்திருக்கும் என்று எனக்கு இப்போதும் தோன்றவில்லை. தண்ணீர் தெளிக்காமல் பிள்ளை போனால் என்ன ஆகும் என்பதில் ஆயிரத்து எழுநூறு வருடமாகச் சண்டை. தெளித்தால் என்ன ஆகும் என்பதை வாசலில் ஒருத்தி ஒரே வரியில் சொல்லியிருந்தாள். என் பயம் சொன்ன பக்கம் நான் சாய்ந்தேன். இதற்கு இறையியல் என்று பேர் வைக்க நான் தயாரில்லை.

வெளியே வந்து அங்கியைக் கழற்றினேன். மறுபடி கழுவச் சொன்னார்கள், கழுவினேன். துடைக்க மறந்து வராந்தாவுக்கு வந்தேன். மனைவி எழுந்து நின்றாள். சொட்டும் கையைப் பார்த்தாள். சட்டையில் நெஞ்சுப் பக்கம் நனைந்திருந்ததைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள், அதுவும் நனைந்திருந்தது என்று நினைக்கிறேன்.

"செஞ்சாச்சா," என்றாள். அவளே தலையை ஆட்டிக்கொண்டாள். "ஸ்தோத்திரம் ஆண்டவரே."

எங்கள் ஊரில் பதில் சொல்லாத புருஷன், பெண்டாட்டி சொன்னதைச் செய்துமுடித்தவன் என்றுதான் பொருள். நான் பதில் சொல்லவில்லை. அவள் நாற்காலியில் சாய்ந்தாள். மூன்று நாளாக மூடாத கண் மூடியது. சொல்ல வேண்டிய நேரம் அதுதான். அந்தத் தூக்கத்தைக் கலைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்தி சாயும்போது டாக்டர் வந்தார். தட்டித் தட்டி மாளவில்லை, மூச்சுக்கு இயந்திரம் வைக்கிறோம் என்றார். "இனி யாரையும் உள்ளே விட முடியாது." இந்தத் தடவை பாப்போம் என்று கூடச் சொல்லவில்லை.

மருமகன் படியேறி வந்தார். தூண் மாதிரி இருக்கும் ஆள், வெள்ளைச் சட்டை வேர்வையில் ஒட்டி, உபவாசத்தில் உதடு காய்ந்து, என் முன்னால் வந்து நின்றார். விஷயத்தைச் சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். எத்தனையோ அடி உயரத்தில் காற்றில் நிற்கிறவர், இரண்டாம் மாடியில்.

"மாமா."

"சொல்லுங்க மக்களே."

"பழைய ஆளுக… நீங்க சொல்லுவீங்கல்லா… அவிய பிள்ளையளுக்கு இப்பிடி வந்தா என்ன செய்வாங்க?"

ஞாயிற்றுக்கிழமைக் கேள்விதான். குரல்தான் வேறு. அவர் வாதத்துக்கு வரவில்லை. இதற்கும் எனக்கு விடை தெரியும். பழைய கல்லறைக் கற்கள் இருக்கின்றன. ஒரு வயது, இரண்டு வயது என்று குறித்த கற்கள். சாவதற்குச் சற்று முன்னால் ஞானஸ்நானம் பெற்றது என்று சிலவற்றில் வெட்டியிருக்கிறது. வீட்டுப் பெரியவள் ஒருத்தி சபையில் போய்க் கெஞ்சி வாங்கிக்கொடுத்தாள் என்று ஒரு கல்லில் இருக்கிறது. பிஷப்புகள் கூடி முடிவு செய்வதற்கெல்லாம் முன்னால், இந்தப் பழக்கம் நோய்ப் படுக்கைக்குப் பக்கத்தில்தான் ஆரம்பித்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. யாரோ ஒரு அப்பன் இதே மாதிரித் தரையில் உட்கார்ந்து கேட்டிருப்பான். நான் அவர்களை இத்தனை நாள் கட்சிக்காரர்கள் என்று நினைத்திருந்தேன். பயந்துபோன ஆட்கள்.

"குடுப்பாங்க," என்றேன். "சில பேரு குடுப்பாங்க. சில பேரு, வேண்டாம், அது பிள்ளைதானே, ஆண்டவருக்குத் தெரியாதான்னு விட்டுருவாங்க. அப்பிடிச் சொன்ன பெரிய ஆளு ஒருத்தரு உண்டு மக்களே. ஒங்க கட்சி. நான் ஒங்ககிட்ட சொன்னதில்ல."

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "எனக்கு இப்பம் ஒண்ணும் தெரியல்ல மாமா. சபையில தெரிஞ்சா என்னைய வெலக்கி வச்சிருவாங்க. செய்யணுமெங்கில் செய்யுங்க. ஒங்க முறைப்படியே செய்யுங்க."

"அதெல்லாம் மத்தியானமே முடிஞ்சு," என்றாள் மனைவி.

எப்போது விழித்தாள் என்று தெரியாது. மருமகன் நிமிர்ந்து பார்த்தார். இதோ வருகிறது என்று நான் தயாரானேன்: என்னிடம் கேட்காமல் என் பிள்ளைக்கா, என்ற கேள்வி. கேட்டால் அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்து நெற்றியில் வைத்துக்கொண்டு அழுதார்.

"நல்லதா போச்சு மாமா. நல்லதா போச்சு."

மனைவியும் அழுதாள். இரண்டு பேருக்கும் பாரம் இறங்கிவிட்டது. இறங்கிய பாரம் எங்கே போகும்? நான் நின்றுகொண்டிருந்தேன். கைக்குட்டை பைக்குள் காய்ந்துகொண்டிருந்தது.

ஓடிப்போய் சிஸ்டரைக் கூப்பிட்டு, ஒரு சொட்டுச் சுத்தமான தண்ணீர் கொடுங்கள், என்னை ஒரு நிமிடம் விடுங்கள் என்று கேட்கலாம். கதவு வரை போனேன். கண்ணாடி வழியாக, எங்கள் பெட்டியைச் சுற்றி நான்கு பேர் குனிந்திருப்பது தெரிந்தது. பிள்ளை தெரியவில்லை. திரும்பி வந்தேன்.

கீழே மகளிடம் சொல்ல வேண்டும். அவளுக்கு இரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. மருமகன் போனார், நான் பின்னால் போனேன். இயந்திரம் வைத்த செய்தியை அவர் மெதுவாகத்தான் சொன்னார். பிறகு ஆறுதலாக இருக்கட்டும் என்று மற்றதையும் சொல்லிவிட்டார்.

மகள் கூரையைப் பார்த்தாள். பிறகு, "நீங்க மேல போய் இருங்க. அப்பா இருக்கட்டும்," என்றாள். அவர் போகும்வரை காத்திருந்தாள்.

"எனக்கிட்ட கேட்டியளா? அம்ம கேக்கல்ல, நீங்க கேக்கல்ல, இவரும் கேக்கல்ல. வயித்தக் கீறினது எனக்கு. நான் அத இன்னும் கண்ணால காணல்ல. அதுக்குள்ள நீங்க எல்லாரும் கூடி அதுக்கு வேதம் படிப்பிச்சாச்சு."

நானூறு வருட எழுத்தில் தாய்மார்கள் எழுதியதை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம் என்பது அப்போதுதான் உறைத்தது. அதை அவளிடம் சொல்லாமல் இருக்கும் அளவுக்கு எனக்குப் புத்தி இருந்தது.

அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"அப்பா, நெசமாவே செஞ்சியளா?"

என் கை சட்டைப்பைக்குப் போனது.

"செஞ்சிருக்க மாட்டிய. எனக்குத் தடுப்பூசி போடும்ப நீங்கதானே வெளிய போய் நிப்பிய. ஒங்களுக்குக் கை வராது."

"இல்ல," என்றேன். "செய்யல்ல. ஈரத்துணி. கிருமி இருக்கும்னு…"

அவள் கண்ணை மூடினாள். தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள், அல்லது அழுதாள். இரண்டுக்கும் ஒரே மாதிரி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மைக்கிட்ட சொல்லாண்டாம்," என்றாள். "இவருகிட்டயும் சொல்லாண்டாம். அவிய நிம்மதியா இருக்கட்டும். ஒங்களுக்கும் எனக்கும் தெரிஞ்சாப் போதும். அது பெரிசாயி, அதுக்கு வேணுமானா கேக்கட்டும். மொதல்ல பெரிசாவட்டும்."

அவள் கையைப் பிடித்தேன். உள்ளங்கை குளிர்ந்திருந்தது. மேலே என்ன நடக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. அன்று இரண்டு பேரும் சேர்ந்து பயந்துகொண்டிருந்தோம். தனியாகப் பயந்ததை விட அது கொஞ்சம் மேல்.

பிள்ளை பெரிதானது. இயந்திரத்தை எடுத்தார்கள், குழாயை எடுத்தார்கள், மழைக்காலம் முடிவதற்குள் வீட்டுக்குக் கொடுத்தார்கள். பேர் வைத்தது என் மகள். என் மனைவி எங்கள் சபையில் பாதிப் பேரிடமாவது, ரகசியம் என்று சொல்லி, ஆஸ்பத்திரி ஞானஸ்நானத்தைச் சொல்லிவிட்டாள். மருமகன் தன் சபையில் யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளையைத் தூக்கிப்போய் முன்னால் காட்டி ஜெபம் மட்டும் பண்ணவைத்தார். ஞாயிற்றுக்கிழமை வாதம் நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்க்கும் பார்வையில் ஒரு மரியாதை வந்திருக்கிறது. என்னால் அதைத் தாங்க முடியவில்லை, மீன்தலையை அவர் தட்டுக்குத் தள்ளிவிடுகிறேன்.

நடக்கப் பழகும் சமயம் பேத்திக்கு முதல் காய்ச்சல் வந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் வருகிற காய்ச்சல். டாக்டர் மருந்து எழுதி, பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். மத்தியானம், மகளும் பிள்ளையும் கட்டிலில் படுத்திருந்தார்கள். நான் கதவருகே நின்று, போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். ஏறியது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்து பார்த்தேன். பிறகு சமையலறைக்குப் போய், தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஒரு கிளாசில் ஊற்றி எடுத்துக்கொண்டு வந்து கட்டிலின் தலைமாட்டில் நின்றேன். எதற்கு என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை.

மகள் கண்ணைத் திறக்கவில்லை.

"அப்பா," என்றாள்.

"என்னட்டி?"

"அந்தத் தண்ணிய குடிங்க. குடிச்சிட்டுப் போய் இருங்க."

குடித்தேன். வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. கிளாசைக் கீழே வைத்துவிட்டு, போகாமல், அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.